மேஜர் காத்திருந்தார்

எங்கள் ஊரில் எது உடைந்தாலும் அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தார். மேஜர் என்று கூப்பிடுவோம். பட்டாவிலும் வாக்காளர் பட்டியலிலும் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லாமல் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அனுமந்தன்பட்டிக்குக் கிழக்கே, கண்மாயை ஒட்டிய ஊர் எங்களுடையது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனவர், நாற்பத்தெட்டு வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெற்று மனைவியோடு திரும்பி வந்தார். வந்த புதிதில் டீக்கடையில் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. "எத்தனை பேரைச் சுட்டீக?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் யாரையும் சுட்டதில்லை. எனக்குப் பாலம் கட்டும் வேலை," என்றார் மேஜர்.

அத்தோடு பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மீதிப் பேருக்கு, வடக்கே பனிமலை ஆறுகளின் மேல் இரும்புச் சட்டங்களைக் கோத்து ஒரே நாளில் பாலம் போடுவது எப்படி என்று தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினார். தமிழ் அவர் நாக்கில் விறைத்துப் போயிருந்தது. நோட்டீஸில் அச்சடித்த மாதிரிப் பேசுவார். "தம்பி, நாளைக் காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்" என்பார். ஐந்தே முக்காலுக்கே அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். இரும்புப் பூண் போட்ட கம்பால் கரையைக் குத்திக் குத்தி எலி வளைகளையும் நண்டு வளைகளையும் தேடுவார். இடுப்பில் தொங்கும் சாக்குப் பையில் பிசைந்த களிமண் இருக்கும். குனிந்து அவரே அடைப்பார்.

கல்யாண வீடுகளில் அவரை முதல் பந்தியில் உட்கார வைக்க முடிந்ததே இல்லை. இலை எடுக்கிறவர்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்கள், பாத்திரம் கழுவ வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, ரசம் கூட ஆறிப்போன நேரத்தில் உட்காருவார். பெண் வீட்டார் ஒருமுறை கோபித்துக்கொண்டார்கள். "என் ஆட்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதுதான் எனக்குப் பழக்கம்," என்றார் மேஜர்.

"இங்கன யாருங்க உங்க ஆளு?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார்.

மேஜர் பந்தலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையை வீசிக் காட்டினார். "எல்லாரும்தான்."

அவர் அதை மனதாரச் சொன்னார். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். கோயில் கமிட்டி, பால் சங்கம், வாலிபால் கிளப், கண்மாய்ச் சங்கம் எல்லாவற்றுக்கும் அவரைத் தலைவராக்கினோம். மரியாதை செய்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஒரு குடை. பங்குனித் திருவிழாவில் பரீட்சை நேரத்தில் ஒலிபெருக்கி போட்டு அலறவிட்டதற்காகப் போலீஸ் வந்தபோது, போட்டவன் ஓடிவிட்டான். மேஜர் போய் நின்று, "விழாக் கமிட்டித் தலைவர் நான். என் பொறுப்பு," என்றார். வாலிபால் பையன்கள் பஞ்சாயத்து ரேடியோவைப் போட்டு உடைத்தபோதும் அதேதான். "பயப்படாதே, மேஜர் தலையில போட்டுரு" என்பது ஊரில் ஒரு சொல்லாகவே ஆகிப்போனது. அந்தச் சொல்லைத் தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் அப்போது கண்மாய்ச் சங்கத்தின் காரியதரிசி. இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். ஊரே என்னைச் 'செகரட்ரி' என்றுதான் கூப்பிடும். எனக்கு அதில் பெருமை. மேஜரோடு தினமும் பழகியதால் அவருடைய ஒரு விசித்திரத்தை நான் கவனித்திருந்தேன். சங்கத்தின் டீசல் எஞ்சினைத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி எரித்துவிட்டான் அதைப் போடுகிறவன். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் மேஜர் எழுந்தார். "அவனுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்காதது நான். என் பொறுப்பு," என்றார். சொன்னவர் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். எஞ்சின்காரன் தலையைக் குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ "சரி, டீ வந்திருச்சு" என்றார்கள். அப்புறம்தான் மேஜர் உட்கார்ந்தார்.

எப்போதும் இப்படித்தான். பொறுப்பை ஏற்றதும் அந்த ஒரு நிமிஷம் நிற்பார். "மேஜர் மூச்சு வாங்குறாரு" என்று பின்னால் இருந்து நாங்கள் சிரிப்போம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கண்மாய் முக்கால் நிறைந்து நின்றது. ஒருநாள் காலை கரையில் மேஜர் என்னிடம் மேற்கே காட்டினார். மலை கறுத்து இறங்கியிருந்தது. உபரித் தண்ணீர் போகும் கலுங்கின் சுவரில் அவரே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். "தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் ஷட்டரைத் திறந்துவிடு. யாரையும் கேட்க வேண்டாம். நான் பெரியகுளம் போகிறேன். கரைக்குக் கல் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வந்துவிடுவேன்."

"சரிங்கய்யா," என்றேன்.

ஷட்டரைத் தூக்குகிற இரும்புக் கைப்பிடி, கலுங்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் அறையில் பூட்டியிருக்கும். திருடிப் போய்விடுவார்கள் என்று பூட்டுப் போட வைத்தவனே நான்தான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பத்து மணிக்கு இரண்டு கூட்டாளிகள் வந்தார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். கூடலூரிலிருந்து ஜீப்பில் மலையேறி எல்லை தாண்டினால் குமுளியில் கள்ளுக்கடை. மாதத்தில் ஒருநாள் போய் வருவது எங்கள் வழக்கம். நான் வானத்தைப் பார்த்தேன். கோட்டுக்கும் தண்ணீருக்கும் இன்னும் ஒரு முழம் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் ஏறாது, மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மனைவியிடம், "கூடலூர் போயி உங்கப்பாவைப் பாத்துட்டு வாரேன்," என்றேன். அவள் அப்பாவுக்குக் கொடுத்தனுப்ப முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அந்த முறுக்கைக் குமுளியில் நாங்கள் மூன்று பேரும் தின்றோம்.

மலையில் கொட்டிய மழையில் எங்கள் ஜீப் அடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மேலேயே இரண்டு மணி நேரம் நின்றது. வாய் நாற்றம் தெரியாமல் இருக்க ஏலக்காயை மென்றுகொண்டே வந்தேன். வழியில் டீ குடிக்க இறங்கியபோது கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க அந்த ஊருதானே? கண்மாய் ஒடைஞ்சிருச்சாம்ல?" என்றார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் ஒரு மணிக்கே கோட்டைத் தாண்டிவிட்டது. நாலைந்து பேர் என் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். "அவுக கூடலூர் போயிருக்காக" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். கடப்பாரை கொண்டுவந்து கல் அறையின் பூட்டை உடைத்து, கைப்பிடியை எடுத்து மாட்டிச் சுற்ற ஆரம்பித்த நேரத்தில், கரை நடுவில் இளகி வாய் பிளந்துவிட்டது. கரைக்குக் கீழே கூலிக்காரர்களின் பதினோரு குடிசைகள். கூச்சல் கேட்டு எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். பேச்சியம்மாள் என்ற பெண் மட்டும், கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை, வாழைத்தோப்புக்குள் சேற்றில் அவளைக் கண்டெடுத்தார்கள். ஆட்டுக் கயிறு கையில் சுற்றியிருந்தது. அவள் புருஷன் மொக்கையன், எங்கள் வயல்களில் வேலை பார்த்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜர் வந்தார். நானும் அவர் பின்னால் போனேன். மேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

மொக்கையன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா தொறக்கல? ஒரு மடையைத் தொறக்க ஆள் இல்லாமயா போச்சு ஊருல?" என்றார்.

"பொறுப்பு என்னுடையது, மொக்கையன்," என்றார் மேஜர்.

மொக்கையன் இரண்டு கையாலும் சேற்றை அள்ளினார். மேஜரின் வெள்ளைச் சட்டை மீதும் முகத்தின் மீதும் வீசினார். மறுபடி அள்ளினார். "தலைவருன்னு சொன்னீகளே, தலைவருன்னு சொன்னீகளே" என்று சொல்லிச் சொல்லி வீசினார். மேஜர் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் சட்டையில் ஒரு சொட்டும் படவில்லை. அந்தச் சேற்றோடு அவர் ஊர்த்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போனார். துடைத்துக்கொள்ளத் துண்டு நீட்டினேன். "வேண்டாம் தம்பி," என்றார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஊரே வராந்தாவில் நின்றது. அதிகாரி கேட்டார், "சாவி யாரிடம் இருந்தது?"

மேஜர் எழுந்து நின்றார். "சாவி சங்கத்துடையது. சங்கத்தின் தலைவர் நான். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. என் பொறுப்பு," என்றார்.

சொல்லிவிட்டு உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால் நாலாவது பெஞ்சில் இருந்தேன். மொக்கையன் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்த தலை. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். அப்போது என் கூட்டாளிகளில் ஒருவன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பலமாக ஒன்றும் இழுக்கவில்லை. உதறியிருந்தால் விட்டிருப்பான். நான் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று மேஜர் நின்ற நேரம் வழக்கத்தைவிட நீளம்.

அந்த மாதமே சங்கத்தைக் கூட்டி அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். புதுத் தலைவருக்குக் கீழேயும் நானே காரியதரிசி. அதன் பிறகு பதினாலு வருஷம் இருந்தேன்.

மேட்டில் மேஜருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அதை அந்தப் பதினோரு குடும்பங்களுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தார். அங்கே வீடு கட்டியபோது தினமும் போய்க் கயிறு பிடித்து அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மொக்கையன் மட்டும் அவர் இருக்கும் பக்கம் வரமாட்டார். டீக்கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "தப்பு செய்யாதவன் தோப்பைக் கொடுப்பானா?" என்று பேசினார்கள். அவர் கொடுத்ததே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. நான் டீயை ஆற்றிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை நேராகக் கேட்டது ஒரே ஒருவர், மேஜரின் மனைவி. ஏதோ காகிதம் வாங்கப் போயிருந்தேன். அந்த அம்மா காபியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏப்பா, அன்னிக்கு நீ எங்கன போயிருந்தே?" என்றார்.

"கூடலூருக்கும்மா. மாமனாருக்கு முடியல," என்றேன்.

"இப்பத் தேவலையா அவுகளுக்கு?"

"தேவலைம்மா."

அந்த அம்மா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபியை வைத்துவிட்டு வர முடியாது. முழுவதையும் குடித்தேன். என் மாமனார் வீட்டுக்கு நான் போகவே இல்லை என்பது என் மனைவிக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வெளியூர் போனால் அவள் எதையும் கொடுத்தனுப்பியதில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில் மேஜரைப் பார்க்க ஒரு மலையாளி வந்தார். கட்டப்பனைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில், தோளில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு இறங்கினார். பெயர் வர்கீஸ். ராணுவத்தில் மேஜரின் கீழ் வேலை பார்த்தவர். ஒவ்வொரு வருஷமும் ஒருமுறை வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போவார். அந்த முறை திரும்பிப் போகும்போது பஸ் ஏற்றிவிட மேஜர் என்னை அனுப்பினார். பஸ் வரத் தாமதமானது. புளியமரத்தடியில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வர்கீஸ் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"சாரு இந்நேரம் கர்னல் ஆயிருக்கணும். என்னாலதான் ஆகலை. தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"வடக்கே ஒரு பாலம் போட்டோம். சட்டங்களைச் சேர்க்க இரும்பு முளை அடிக்கணும். ஞான் ஹவில்தார். கடைசியில ரெண்டு முளை அடிக்கலை. குளிர்ல கை மரத்துப்போச்சு. அடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். முதல் லாரி போச்சு, ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது லாரி ஆத்துல விழுந்துச்சு. டிரைவர் பையன் செத்துப்போயி. விசாரணையில சாரு எழுந்து, 'பாலத்தைப் பார்த்து அனுமதி கொடுத்தது நான். என் பொறுப்பு'ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு உட்காரலை. ஒண்ணும் மிண்டாம அப்படியே நின்னுச்சு."

"அப்புறம்?"

"சாரு எப்பவும் அப்படித்தான். முதல்ல தான் ஏத்துக்கும். பின்னே பேசாம நிக்கும். அது நமக்குத் தர்ற நேரம். தப்பு செஞ்சவன் தானா எழுந்து வரணும். எங்க கம்பெனியில வராதவன் ஒருத்தன்கூட இல்லை. ஞானும் எழுந்தேன். எனக்குப் பட்டை போச்சு, ஹவில்தாரா இருந்தவன் ஒரு படி கீழே நாயக் ஆனேன். சாருக்கு உத்தியோக உயர்வு நின்னுபோச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி ஞான் உறங்கினேன்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே, "இங்கேயும் ஆளுங்க அப்படித்தானே எழுந்து வருவாங்க?" என்று சிரித்தபடி கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

திரும்பி நேராக மேஜர் வீட்டுக்குத்தான் நடந்தேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி?" என்றார்.

எஞ்சின்காரனின் முகம், ஒலிபெருக்கி போட்டவன், ரேடியோவை உடைத்த பையன்கள் எல்லாரும் என் கண்ணுக்குள் வந்து போனார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருவர்கூட எழுந்ததில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"பஸ் ஏத்தி விட்டுட்டேன்யா," என்றேன்.

"நன்றி," என்றார். ஊசியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அவர் ஒரு தெருவில் வந்தால் நான் இன்னொரு தெருவில் போனேன். சில வருஷங்களில் அவர் மனைவி இறந்துபோனார். மேஜர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெரியகுளத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஊரைவிட்டுப் போன அன்று பஸ் நிற்கும் இடத்தில் வழியனுப்ப ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்களாம். நான் வயலில் இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது மகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பொருளை உடைத்துவிட்டு அவள், "நான்தாம்ப்பா ஒடைச்சேன்" என்று வந்து நின்றாள். அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாந்தோப்பை ஒட்டிய வீடு. கட்டிலில் படுத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. முகச் சவரம் மட்டும் பழையபடி சுத்தம். அவர் மகள் நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் உட்காராமல் நின்றேன்.

"ஐயா, அன்னிக்கு நான் கூடலூர் போகல. குமுளிக்குக் குடிக்கப் போனேன். சாவி என் பையில இருந்துச்சு."

"தெரியும்ப்பா," என்றார். அவர் என்னிடம் ஊர்ப்பேச்சில் பேசியது அன்றுதான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மறுநா காலையில என் பின்னாடி வந்து நின்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"விசாரணையில சொல்லியிருக்கலாமேய்யா."

"நான் சொல்லக் கூடாது. நீ சொல்லணும். சொல்லுவேன்னு நின்னேன். பெறகு மறுநா வருவேன்னு இருந்தேன். வர்கீஸை ஏத்திவிட்டுட்டு வந்து நின்னியே, அன்னிக்கு வந்துட்டேன்னே நெனச்சேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "பட்டாளத்துல எல்லாப் பயலும் எந்திரிச்சான். இங்கன ஒருத்தனும் எந்திரிக்கல. நான் பொறுப்பு ஏத்துக்கிட்டே போனது உங்களைக் கெடுத்துருச்சோன்னு பெறகு தோணுச்சு. அது என் தப்பு."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? மொக்கையன்கிட்டப் போயிச் சொல்லு. பாலத்துல செத்தான்ல டிரைவர், அவன் வீட்டுக்கு நான் கடுதாசி எழுதினேன். முளை அடிக்கல, அதனால ஒம்மகன் செத்தான்னு உள்ளதை எழுதினேன். எதனால செத்தாக, யாரால செத்தாகன்னு வீட்டு ஆளுக்குத் தெரியணும். மொக்கையனுக்குத் தெரியல. அதை நான் போயிச் சொல்ல முடியாது."

"சொல்றேன்யா."

"எப்ப?"

"நாளைக்கே சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டார். மகள் வந்து மோர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு என்றது மறுநாளுக்குப் போனது. அறுவடை வந்தது. என் மகளுக்கு அம்மை போட்டது. மொக்கையன் ஊரில் இல்லை என்று ஒருமுறை. இருக்கிறார் என்று தெரிந்து போய், வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் திரும்பியது ஒருமுறை. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. தை மாதம் பொங்கல் கழிந்த நாலாம் நாள் மேஜர் இறந்துபோனார். பெரியகுளத்திலேயே எரித்துவிட்டார்கள். ஊரிலிருந்து ஒரு வேனில் போனோம். வர்கீஸ் எங்களுக்கு முன்பே வந்து, சிதைக்கு ஆறடி தள்ளி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பேசவில்லை. அவருக்கு என்ன தெரியுமோ எனக்குத் தெரியாது.

மேஜர் இறந்த எட்டாம் நாள் மொக்கையன் வீட்டுக்குப் போனேன். மேட்டில் மேஜர் கொடுத்த இடத்தில் கட்டிய வீடு. மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. "வாங்க செகரட்ரி, உக்காருங்க," என்று ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குமுளி, கள்ளு, சாவி, பள்ளிக்கூடத்து பெஞ்சு, எதையும் விடவில்லை. அவர் அரிவாளைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ஐயா மேல எந்தத் தப்பும் இல்லையா?" என்றார்.

"இல்ல."

"நான் சேத்தை வாரி எறிஞ்சேனே. மூஞ்சியில எறிஞ்சேனே. கல்லு மாதிரி நின்னாகளே." அவர் கண் என்மேல் இல்லை. "இத்தனை வருசமா அவுக குடுத்த மண்ணுல இருந்துக்கிட்டு அவுகளை வஞ்சுக்கிட்டே இருந்தேனே." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஐயாவுக்குத் தெரியுமா, நீங்க இதைச் சொல்லுவீகன்னு?"

"அவுகதான் சொல்லச் சொன்னாக. உங்ககிட்டப் போயிச் சொல்லுன்னு."

"எப்பச் சொன்னாக?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "போன பங்குனியில," என்றேன்.

மொக்கையன் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். "பங்குனி. சித்திரை. வைகாசி. ஆனி." உதடு மட்டும் அசைந்தது. "ஐப்பசி. கார்த்திகை. மார்கழி." மார்கழியில் பத்து விரலும் மடங்கிவிட்டன. மடங்கிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மாசம் உசுரோட இருந்திருக்காக. பெரியகுளத்துக்கு ரெண்டு பஸ்ஸு மாறினாப் போதும். நான் போயி அவுக கையப் புடிச்சிருப்பேன்ல," என்றார். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசியவர், அப்போதுதான் மாறினார். "அதையும் ஏன்டா எனக்கு இல்லாமப் பண்ணுனே?"